சொந்த பாட்டிலுக்கு மட்டும் மதுவிலக்கு

மயாமி: உல்லாசக் கப்பலில் டிக்கெட் மலிவு, கோப்பைதான் விலை அதிகம்

மயாமி நகரத்துக்கும் அதன் புகழ்பெற்ற கடற்கரைக்கும் நடுவே, பிஸ்கேன் விரிகுடாவில் இருக்கிறது டாட்ஜ் தீவு. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் துறைமுகங்களில் ஒன்று. வார இறுதியில் அடுக்குமாடிக் கட்டடங்களைப் போல வெள்ளைக் கப்பல்கள் அங்கே வரிசையாக நிற்கும். காலையில் ஒரு கூட்டம் இறங்கும். மாலைக்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும். ஏறுகிறவர்களின் பெட்டிகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழைகின்றன. அங்கே தேடப்படுவது கத்தியும் துப்பாக்கியும் மட்டுமல்ல, பாட்டிலும்தான்.

விதி எளிமையானது. கார்னிவல் நிறுவனத்தின் கப்பலில், 21 வயது நிரம்பியவர் ஏறும் நாளன்று 750 மி.லி. ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். ராயல் கரீபியனிலும் ஏறக்குறைய இதேதான். விஸ்கி, ரம், பீர் கூடாது. கொண்டுவந்த ஒயினையும் சாப்பாட்டு மேஜையில் திறந்தால், திறப்பதற்கென்று ஒரு கட்டணம்.

தடை இருந்தால் தந்திரமும் இருக்கும். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சை நிறமேற்றிய வோட்கா, சன்ஸ்கிரீன் குப்பியில் ரம், துணிகளுக்கு நடுவே தட்டையான பிளாஸ்டிக் பைகள். இந்தப் பைகளை விற்பதே தனி வியாபாரம். பிடிபட்டால் சரக்கு போய்விடும்.

இதில் அடிபட்டவர்களில் குடிக்காதவர்களும் உண்டு. தண்ணீர் பாட்டிலில் மதுவை நிரப்பி, மூடியைப் பழையபடி பொருத்திக் கொண்டுவருகிறவர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு பாட்டிலாகச் சோதிப்பதில் வரிசை நகரவில்லை. 2015 ஜூலையில் கார்னிவல் தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டது. மது கலக்காத பானம் வேண்டுமானால் டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ கொண்டுவரலாம், ஒருவருக்கு 12. கப்பல் குழாய்த் தண்ணீர் இலவசம். பாட்டில் தண்ணீர்தான் வேண்டுமென்றால் காசு.

ஏன் இத்தனை கெடுபிடி? பாதுகாப்பு என்கின்றன நிறுவனங்கள். பொய்யல்ல. நடுக்கடலில் தள்ளாடுகிறவருக்கும் அலைக்கும் நடுவே இருப்பது ஒரு கைப்பிடிக் கம்பிதான். ஆனால் கணக்கும் இருக்கிறது. மது, சூதாட்டம், கடைகள், கரைச் சுற்றுலா என்று டிக்கெட்டுக்கு மேல் பயணி செலவழிக்கும் பணம், பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. டிக்கெட் மலிவாக இருப்பதன் ரகசியம் இதுவே. மதுக்கூடத்தில் ஒருவர் கொடுக்கும் பணம், சோடா குடிப்பவரின் அறை வாடகையையும் தாங்குகிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் சேவைக் கட்டணமும் சேரும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று தூர தேசங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைக்கும் ஊழியர்களுக்கு அந்தச் சில்லறை சிறிய விஷயமல்ல. ரகசிய பாட்டில் ஏமாற்றுவது முதலாளியை மட்டுமல்ல.

மயாமிக்குக் கள்ளச் சரக்கு புதிதல்ல. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. கிழக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பஹாமாஸின் பிமினி தீவில் அந்தத் தடை இல்லை. விஸ்கியும் ரம்மும் இரவோடு இரவாக வேகப் படகுகளில் ஃபுளோரிடா கரையேறின. வசதி படைத்தவர்கள் தாகம் தீர்த்துக்கொள்ள ஹவானாவுக்குக் கப்பலேறினார்கள். அன்று கரை வறண்டிருந்தது. கடலிலிருந்து கரைக்குக் கடத்தினார்கள். இன்று கரையில் தாராளமாகக் கிடைப்பதைக் கப்பலுக்குள் கடத்துகிறார்கள்.

பிமினியில் இப்போது உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. அங்கே ரம் வாங்கித் திரும்பும் பயணியிடமிருந்து கப்பல் ஊழியர் பாட்டிலை வாங்கிப் பத்திரப்படுத்திவிடுவார். பயணம் முடியும் நேரத்தில்தான் அது திரும்பக் கைக்கு வரும். ஒரு காலத்தில் காவல் படகுகளுக்குப் பயந்து இருட்டில் வந்த சரக்கு, இன்று பட்டப்பகலில் சுங்க அதிகாரிகளின் கண்ணெதிரே டாட்ஜ் தீவில் இறங்குகிறது, மூடி திறக்கப்படாமலே.