கடைசியாகப் பேசுகிறவர்

கோலா கெடா. தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம். மீன் சந்தை அடங்கிவிட்டது. படகுத்துறையில் லங்காவிப் பயணிகளின் கூட்டமும் குறைந்துவிட்டது. ஆற்று முகத்துக்குப் பக்கத்து வீடொன்றின் முன்தாழ்வாரத்தில் நாலு பேர் போக்கர் ஆடுகிறார்கள். மலேசியாவில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி கெந்திங் மலையில்தான் இருக்கிறது. இங்கே மேசைமேல் இருப்பது தீக்குச்சி.

பெரியவர் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவர் தாள் தெரியும். வாய் மட்டும் திறக்கக் கூடாது. டீலர் பட்டனுக்குப் பதிலாக ஒரு சோடா மூடி இப்போது அவர் முன்னால் கிடக்கிறது. நடுவில் தாள் விரிந்தபின், மூடி யாரிடமோ அவர்தான் கடைசியாகப் பேச வேண்டும்.

வலப்பக்கம் இருக்கும் மருமகன் ஆறு குச்சி வைக்கிறான். பெரியவரும் ஆறு வைக்கிறார். மற்ற இருவரும் கட்டாயமாக வைத்த மூன்று குச்சியை விட்டுவிட்டு விலகுகிறார்கள். நடுவில் பதினைந்து குச்சி.

பெரியவர் கையில் ஆட்டின் ஜாக்கியும் பத்தும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிந்த தாள்கள்: கிளாவர் ராஜா, டைமன் ஜாக்கி, ஸ்பேட் நாலு. ஜாக்கி ஜோடி சேர்ந்துவிட்டது. ஆனால் தலைக்கு மேலே ராஜா. விட்டெறியவும் மனம் வராது, வீரம் பேசவும் முடியாது.

மருமகன் ஐந்து குச்சி தள்ளுகிறான். பெரியவர் தன் தாளை மறுபடி பார்க்கவில்லை; பையனின் கையைப் பார்க்கிறார். பால் வெட்டிக் கோணிப்போன விரலால் ஐந்தை எண்ணி வைக்கிறார். இருபத்தைந்து.

அடுத்த தாள் ஆட்டின் ஏழு. மருமகன் குச்சி வைக்காமல் "செக்" என்கிறான். எதிரில் இருப்பவர் பெரியவரைப் பார்த்துக் கண்ணால் 'அடி' என்கிறார். பெரியவர் விரலால் மேசையைத் தட்டுகிறார். அவரும் செக்.

கடைசித் தாள் கிளாவர் இரண்டு. யாருக்கும் உதவாத தாள். மருமகன் பத்துக் குச்சியைப் படாரென்று தள்ளுகிறான். பெரியவர் சிறிது நேரம் யோசிக்கிறார். முப்பத்தைந்து குச்சிக்குப் பத்துக் குச்சி விலை. இப்படி ஒன்பது தடவை கட்டி இரண்டு தடவை ஜெயித்தாலே முதலுக்கு மோசமில்லை. கட்டுகிறார்.

மருமகன் திருப்புகிறான்: டைமன் ஏஸ், ஒன்பது. ஜோடியே இல்லை.

"ஏழு விழுந்தப்பவே அடிச்சிருக்கலாமே மாமா?"

"அடிச்சா நீ ஓடியிருப்ப, மாப்ளே. ராஜா வெச்சிருக்கிறவன் மட்டும்தான் நின்னிருப்பான்."

அவர் சும்மா இருந்ததிலும் ஆபத்து இருந்தது. அப்போது மீதியிருந்த 44 தாளில் மூன்று ஏஸ். அதில் ஒன்று விழுந்திருந்தால் ஆட்டம் மருமகனுடையது. அந்தச் சின்ன ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். பதிலுக்குக் குவியல் பெருகவில்லை. பையனுக்கும் பொய்யடி அடிக்கத் தைரியம் வந்தது.

மூன்று ஆட்டம் கழித்துச் சோடா மூடி மருமகன் முன்னால். இப்போது பெரியவர்தான் முதலில் பேச வேண்டும். கையில் ராணி ஜோடி, மேசையில் அதற்கு மேலே ஏஸ். செக் சொல்கிறார். மருமகன் ஐந்து வைக்க, கட்டுகிறார். அடுத்த தாளுக்கும் செக். இருபது குச்சி வந்து விழுகிறது. பையன் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார். இன்னும் ஒரு தாள் பாக்கி. அதிலும் அவரே முதலில் வாய் திறக்க வேண்டும். தாளைக் கவிழ்த்து நடுவில் தள்ளிவிட்டு முறுக்குத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார்.

ஜாக்கிக்கும் ராணிக்கும் இங்கே பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் இரண்டாம் ஜோடிதான். உட்கார்ந்த இடம்தான் வேறு. கடைசி ஆளாக இருந்தபோது குவியல் எவ்வளவு வளரலாம் என்பதை அவர் தீர்மானித்தார். முதல் ஆளாக இருந்தபோது அதை மருமகன் தீர்மானித்தான்.

போக்கர் பழகுகிறவர்கள் ஏஸ் ஜோடியை எப்படி ஆடுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். நடுத்தர ஜோடி ஒவ்வொரு மாலையும் வரும். அதைக் கடைசியாகப் பேசும் இடத்திலிருந்து, குவியலைச் சிறிதாக வைத்து ஆடப் பழகுங்கள். இடம் சரியில்லையென்றால் விட்டுக்கொடுக்கவும் பழகுங்கள்.