அறுபது நாள் முன்பதிவு

அக்டோபர் 7, 2024, திங்கள். கிஸ்ஸிமி, ஃபுளோரிடா

மில்ட்டன் என்பது நேற்று வரை எனக்கு டிவியில் ஓடிய ஒரு பெயர். இன்று மதியத்துக்குள் ஐந்தாம் வகைப் புயலாகிவிட்டது. சாயங்காலம் காற்றின் வேகம் மணிக்கு 180 மைல் என்றார்கள். புதன் இரவு மேற்குக் கரையில் ஏறி, மாநிலத்தின் குறுக்காக, ஏறக்குறைய எங்கள் தலைக்கு மேலாக, அட்லாண்டிக்குக்குப் போகுமாம். எனக்கு நாட்குறிப்புப் பழக்கம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தால் வயிறு கலங்குகிறது; அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை குட்டிக்கு எட்டு வயது முடிகிறது. டிஸ்னியின் சின்ட்ரெல்லா கோட்டைக்குள்ளேயே ஒரு சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. அங்கே பிற்பகல் 3.40க்கு மேசை போட்டிருக்கிறேன். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும். ஆகஸ்டில் அலாரம் வைத்து, விடியுமுன் எழுந்து, பல் கூடத் துலக்காமல் பிடித்த இடம் அது. சாப்பாடு மட்டுமில்லை, எந்தச் சவாரிக்கு எத்தனை மணி, மதிய உணவை எப்போது போனில் ஆர்டர் போட்டு எந்த ஜன்னலில் வாங்குவது, எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா இன்சுலின் போடுகிறவர். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு அட்டவணை இல்லாமல் முடியாது.

இன்று மேஜிக் கிங்டம். ஜங்கிள் குரூஸ் படகில் ஓட்டுநர் பெண் வரிசையாகக் கடி ஜோக் அடிக்க, படகே சிரித்தது. அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதாரண்யத்துக்காரர், தண்ணீரைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

"சாயம் கலந்திருக்கான் பாப்பா."

"எதுக்குப்பா?"

"அடியில தண்டவாளம் தெரியக் கூடாதுல்ல. படகு தானா வளையுது பாரு."

இரண்டுமே சரி என்று பிறகு படித்தேன். வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்தபடி ஒருவர் போனதைப் பார்த்து, "கோழியா கன்னுக்குட்டியா அது?" என்றார். அன்னாசி ஐஸ்கிரீமில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குட்டிக்குத் தள்ளினார். சின்னச் சின்னப் பொம்மைகள் பாடும் சவாரி மட்டும் பிடித்தது. "உக்காந்துகிட்டே போயி வந்துரலாம்."

இரவு அவருக்குப் படித்துக் காட்டினேன். இந்த இடமெல்லாம் சதுப்பு நிலம். 1960களில் யார் வாங்குகிறார்கள் என்று தெரியாமல் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் வாங்கினார்கள். வால்ட் டிஸ்னி 1966இல் இறந்துவிட்டார். அண்ணன் ராய் நின்று கட்டி 1971 அக்டோபரில் திறந்தார். முன்னால் ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். நாங்கள் தெரு என்று நடந்தது உண்மையில் இரண்டாம் தளம். கீழே வேலைக்காரர்கள் போகும் சுரங்கப்பாதைகள். சுற்றிலும் வடிகால் வாய்க்கால்கள். பனாமா கால்வாய்ப் பகுதியை ஆண்ட ஜோ பாட்டர் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் வெட்டியவை. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கித் தானே திறந்துகொள்ளும் மதகுகள்.

அப்பா எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கரண்டு இல்லாமயா? தானாவா? மண் அடைச்சா?"

கோட்டையைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

என் வீட்டுக்காரர் அட்லாண்டாவிலிருந்து விடிந்ததும் கூப்பிட்டார். காரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பு என்கிறார். வடக்கே போகும் நெடுஞ்சாலை வரைபடத்தில் முழுக்கச் சிவப்பு. தாம்பா பக்கத்துச் சனமெல்லாம் ரோட்டில். பல பங்க்குகளில் பெட்ரோல் இல்லை. விமான நிலையம் நாளைக் காலை எட்டு மணிக்கு மூடுகிறது. ஒரு மணி நேரம் முடிவெடுக்க முடியாமல் பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன்.

அப்பா காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "புயலுக்கு முந்தி ரோட்டுல நிக்கக் கூடாது. செவுரு இருக்கிற எடத்துல இரு."

இருந்துவிட்டோம்.

மதியம் சனா போனோம், முன்பதிவு இருந்ததால். அனிமல் கிங்டம் விடுதியில் உள்ள உணவகம். ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் கலந்து சமைக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது. ரொட்டித் தட்டு அங்கே பிரபலம். நாண், பராத்தா வகைகளோடு ஒன்பது கிண்ணங்கள்: பச்சடி, மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லி, புளி, பூண்டு ஊறுகாய் என்று. அமெரிக்காவில் நான் காசு கொடுத்துச் சாப்பிட்டதில் உருப்படியானவற்றில் ஒன்று என்பேன். அப்பா ஒன்பதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "தொட்டுக்க ஒம்போது, சாப்பிட ஒண்ணுமில்ல" என்றார். பிறகு எல்லாவற்றையும் வழித்தார்.

பரிமாறிய பையனிடம் கேட்கச் சொன்னார்: நாளைக்கு இந்த ஒட்டகச்சிவிங்கிகளை எங்கே கட்டுவார்கள்? உள்ளே கொட்டகை இருக்கிறது, பத்திரமாகக் கொண்டுபோய்விடுவோம் என்றான். அப்பா திருப்பிக் கேட்டார்: "கட்டுவாங்களா, அவுத்து விடுவாங்களா?" அவனுக்கு அது புரியவில்லை. எனக்கும்தான்.

வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை. நாலு கடை தள்ளியிருந்த இந்திய மளிகையில் பொன்னி அரிசியும் துவரம்பருப்பும் யாரும் தொடாமல் அடுக்கியிருந்தன. என் பெட்டியில் எலக்ட்ரிக் குக்கர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால்? இன்சுலின்?

அக்டோபர் 9, புதன்

பிறந்தநாள். பகல் ஒரு மணியிலிருந்து படிப்படியாகப் பார்க்குகளை மூடுகிறார்கள். நாளை முழுக்க மூடல். 3.40 மேசை ரத்து. டைஃபூன் லகூன் என்று சூறாவளியின் பெயர் வைத்த நீர் விளையாட்டுப் பூங்காவும் மூடல். அப்பாவிடம் பெயரை விளக்கினேன், சிரிக்கவில்லை. புயலுக்காக இங்கே முதலில் கதவை மூடியது 1999இல், ஃப்ளாய்ட் வந்தபோது. அதற்கப்புறம் பலமுறை மூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரிந்த வேலை. குட்டிக்குத்தான் புதிது. நீல கவுனைப் போட்டுக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். நாளைக்குப் போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கோட்டை 189 அடி உயரம், புயலைத் தாங்கும்படி இரும்பும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டியது, பறந்து போகாது என்றேன். "எனக்குக் கோட்டை பறக்குமான்னு கவலையில்லை" என்றாள்.

அப்பா குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தார். டிவியிலும் அதையே சொன்னார்கள்.

மாலை. இன்சுலினுக்குக் குளிர்பை, ஐஸ் தேடிக் கீழே போனேன். ஓட்டல் முன்கூடம் நிறைய மேற்குக் கரைக்காரர்கள், நாய்களோடும் தலையணைகளோடும். மூலைச் சோபாவில் அப்பாவும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியும். நடுவில் குட்டி, அழுத முகத்தோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி வளைகுடாவை ஒட்டிய தீவில் தரைத்தளத்தில் குடியிருப்பவர். இரண்டு வாரத்துக்கு முன் ஹெலீன் புயலில் வீட்டுக்குள் கடல் வந்துவிட்டது. நனைந்த சோபா, கட்டில், சுவர்ப்பலகை எல்லாம் தெருவில் குவித்துக் கிடக்கின்றன, இன்னும் அள்ளவில்லை. இன்றைக்கு அடிக்கும் காற்றில் அவள் கட்டிலே வந்து அவள் ஜன்னலை உடைக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்பா போனை எடுத்துப் படம் காட்டினார். எட்டிப் பார்த்தேன். தோப்பு. எங்கள் தோப்பு என்று எனக்குக் கிணற்றை வைத்துத்தான் தெரிந்தது. தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வாரிப் படிந்த தலைமுடி மாதிரி. 2018 நவம்பர், கஜா புயல். அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. "மரம் கொஞ்சம் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றுதான் அன்று போனில் கேட்டேன்.

படத்தைத் தள்ளிக்கொண்டே அப்பா சொல்லச் சொல்ல, குட்டி தன் அரைத் தமிழில் புரிந்ததை இங்கிலீஷில் சொன்னாள். ராத்திரி காற்று முதலில் ஒரு பக்கம் அடித்தது. அப்புறம் நின்றது. குட்டியின் பாட்டி எழுந்து, மாடு கட்டிக் கிடக்கு, அவுத்து விடணும் என்று போனாள். தாத்தா வேண்டாம் என்றார். பாட்டி கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது காற்று எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது, கதவு தெறித்துத் தோளில் அடித்தது.

"மாடு?" என்று அந்தப் பாட்டி கேட்டாள்.

"வந்துருச்சு. மூணாம் நாளு தானா வந்துருச்சு" என்றார் அப்பா. குட்டி மூன்று விரலைக் காட்டினாள்.

ஐஸ் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

இரவு 11. எட்டரை மணிவாக்கில் சியஸ்டா கீ அருகே கரையேறிவிட்டது, மூன்றாம் வகையாக. கிழக்கேயிருந்து மழை படுக்கைவாட்டில் அடிக்கிறது. விளக்கு இரண்டு முறை மினுக்கியது. சாதம், பருப்பு, நெய். குட்டி சாப்பிட்டுவிட்டுக் கவுனோடு தூங்குகிறாள். அப்பா ஜன்னலிலிருந்து தள்ளி, கழிப்பறைச் சுவரோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "நீ தூங்கு பாப்பா. காத்து திரும்புதான்னு நான் பாக்கறேன்."

அக்டோபர் 10, வியாழன்

காற்று விடிகாலையில் வடக்கே மாறி, ஓய்ந்தது. கரண்ட் போகவில்லை. புயல் ஏறியது மேற்கே. செயின்ட் லூசி கவுண்ட்டியில் டொர்னாடோ ஆறு பேரைக் கொன்றது கிழக்கே. அப்பா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. இன்று எழுதக் கூடாது.

எழுதிவிடுகிறேன். பார்க் திறந்துவிட்டது. முந்தாநாள் புயல் போன இடம் என்று யாரும் சொல்ல முடியாது. ஓர் இலை கூடக் கீழே கிடக்கவில்லை. எனக்கு அதில் ஏனோ கோபம் வந்தது. கோட்டை மேசை கிடைக்கவில்லை. போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். குட்டி வாசலில் நின்று மிக்கி காது வைத்த ஐஸ்கிரீமைத் தின்றாள். சமாதானம் ஆகவில்லை. அவள் பக்கம்தான் நியாயம். அறுபது நாள் காத்திருந்தவளுக்கு ஐஸ்கிரீம் ஈடாகுமா?

அப்பா வரவில்லை. தீவுக்காரப் பாட்டி காலையில் நாயோடு கிளம்பிவிட்டாராம். பாலம் திறந்ததா, வீட்டில் என்ன மிச்சம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. விலாசம் வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் 20, அட்லாண்டா

யாராவது செப்டம்பர், அக்டோபரில் ஆர்லாண்டோ போவதாக இருந்தால் என் சிபாரிசு: கூட்டம் குறைவு என்பார்கள், உண்மைதான், புயல் பருவத்தின் உச்சமும் அதுதான். ரத்து செய்தால் பணம் திரும்பும்படி பதிவு செய்யுங்கள். சின்ன குக்கர் எடுத்துப்போங்கள். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா அறைச் சூட்டில் சில வாரங்கள் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். நான் ஐஸுக்கு அலைந்திருக்க வேண்டாம். சனாவுக்குப் போங்கள். கோட்டைச் சாப்பாடு பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 23

குளியலறையில் வழுக்கியது என்றுதான் அம்மா சொன்னாள். நான் வலித் தைலம் அனுப்பினேன். ஒரு டஜன் பாட்டில். அம்மா போனபின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பாதி சீல் உடைக்காமல் இருந்தது.

அப்பாவிடம் கேட்கவில்லை. இன்று அவரே குட்டிக்கு மிதவை மதகு செய்து காட்டினார், பிளாஸ்டிக் டப்பாவும் தெர்மாகோலும் வைத்து. தண்ணீர் ஏறியதும் கதவு திறந்தது. சமையலறை முழுக்கத் தண்ணீர்.

நவம்பர் 2

அப்பாவின் விமானம் 14ஆம் தேதி. வடகிழக்குப் பருவமழை நேரம், வங்காள விரிகுடாவில் எப்போது வேண்டுமானாலும் சின்னம் உருவாகும், பொங்கலுக்குப் போகலாம் என்றேன். கஜாவுக்குப் பின் நட்ட கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றனவாம், பார்க்க ஆளில்லையாம். டிக்கெட்டை மாற்ற 200 டாலர் ஆகும் என்று ஏஜென்ட் சொன்னார். கட்டத் தயார் என்றேன். அப்பா மாட்டேன் என்கிறார்.