சுவரொட்டியும் சுட்டுவிரலும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதுவதாகவே ஒப்புக்கொண்டேன். புறநானூற்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொண்டால் நான்கு பக்கங்களை நிரப்பிவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் எழுத உட்கார்ந்த மாலையில் என் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒன்று அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. திரைப்பட ரசிகர்களைப் பற்றிய பேச்சு சங்க மலருக்குத் தகுமா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். மும்பையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழ் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று நேர்மையாகப் பார்த்தால், திரைப்படத்தை ஒதுக்கிவிட்டு நாம் எதையும் பேச முடியாது. ஆகவே, புறநானூறு அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும்.

என் பேரனுக்கு 17 வயது. ஆங்கில வழியில் படித்தவன். இந்தியும் மராத்தியும் பள்ளியில் கற்றவன். வீட்டில் தமிழ் பேசுவான். எழுத்தோ அவனுக்கு வெகு காலம் வெறும் கோலமாகவே இருந்தது. அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தேன். அது அலமாரியில் உறங்கியது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். மூன்று வாரங்களில் கிரிக்கெட் அவனை மீட்டுக்கொண்டது. இவன் தலைமுறையோடு நம் வீட்டில் தமிழ் எழுத்து முடிந்தது என்று நானும் என் மனைவியும் முடிவு கட்டியிருந்தோம்.

அப்படிப்பட்டவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் என்னிடம் வந்து, "தாத்தா, 'வெற்றி'க்கு எந்த 'ர' போடணும்?" என்று கேட்டான். என் காதுகளை நான் நம்பவில்லை. பிறகு லகர, ளகர, ழகர வேறுபாடு. பிறகு ஒற்று மிகும் இடங்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு நடிகர். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மலரைப் படிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முன்பு ட்விட்டர் என்றும் 2023 முதல் எக்ஸ் என்றும் பெயர் கொண்ட தளத்தில் அந்த நடிகரின் படங்களைப் பரப்பும் இளைஞர் கூட்டத்தில் இவனும் ஒருவன். மதுரையிலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் தமிழில் எழுத, இவன் மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கேலிக்கு ஆளாகியிருக்கிறான். அந்த வெட்கம் அரிச்சுவடி செய்யாததைச் செய்தது.

இந்த வேலையின் நுணுக்கத்தை அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். படத்தின் முன்னோட்டம் வெளியாகும் நாளில் ஹேஷ்டேக் என்னும் அடையாளச் சொல் ஒன்றை முடிவு செய்வார்கள். அதைக் குறித்த நேரம் வரை வெளியே விடமாட்டார்கள். காரணம், அந்தத் தளம் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. குறுகிய நேரத்தில் திடீரென்று பெருகும் பேச்சையே முன்வரிசைப் பட்டியலில் ஏற்றுகிறது. சொல் முன்கூட்டியே கசிந்தால் வேகம் சிதறிவிடும். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே ஆயிரக்கணக்கான விரல்கள் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப இட்டால் இயந்திரம் போலி என்று தள்ளிவிடும். ஆகவே, நாற்பது ஐம்பது வாக்கியங்களைச் சற்றே மாற்றி மாற்றி முன்னதாகவே எழுதி வைத்திருப்பார்கள். பிறகு யூடியூபில் எத்தனை லட்சம் பார்வைகள், எதிரணி நடிகரின் முன்னோட்டத்தை எத்தனை மணி நேரத்தில் முந்தியது என்ற கணக்கு. நள்ளிரவு வரை அது நீளும். சம்பளம் கிடையாது; நடிகருக்கு இவன் பெயரும் தெரியாது.

இந்த உழைப்பைச் சிறிது என்று நான் சொல்லமாட்டேன். 2017ஆம் ஆண்டு 'மெர்சல்' படத்துக்கு ட்விட்டர் தனிச் சின்னம் வழங்கியது. தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு அவ்வாறு கிடைத்தது அதுவே முதல் முறை. 2020ஆம் ஆண்டு நெய்வேலியில் ரசிகர் வெள்ளத்தைப் பின்னணியாக வைத்து நடிகர் விஜய் தாமே எடுத்த படம், அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு பெற்ற ட்வீட் என்று அந்நிறுவனமே அறிவித்தது. நான் இளைஞனாக இருந்தபோது பம்பாயில் தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிதான். இன்று ஆங்கில வசனவரிகளோடு மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் வந்து பார்க்கிறார்கள். இந்த மாற்றத்தில் பெயர் தெரியாத பிள்ளைகளின் விரல்களுக்கும் பங்குண்டு.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். ஆறு மணிப் படையெடுப்பு முடிந்து, வெற்றிக் களிப்பில் பேரன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "தாத்தா, எல்லாம் நானே தமிழில் எழுதினது. தப்பு இருக்கா பாருங்க" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். முதல் பத்து வாக்கியங்கள் புகழ்ச்சி. படம் இன்னும் வெளிவரவே இல்லை. அதற்குள் அது காவியம் என்று தீர்ப்பு எழுதியிருந்தான். சிரித்துக்கொண்டேன். அடுத்து வந்தது, வேறொரு நடிகரின் ரசிகன் எழுதியதற்கு இவன் தந்த மறுமொழி. அந்தப் பையனின் தாயைப் பற்றிய ஒரு வாக்கியம். அதை நான் இங்கே எழுத முடியாது; மலரில் மட்டுமன்று, எங்குமே எழுத முடியாது.

அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. இவற்றை எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதுவே என்னை வருத்தியது.

கோபத்தில் பேச வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பேசுவதற்கு எனக்கு என்ன தகுதி என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. 50 ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒரு செய்தியை அன்று பேரனிடம் சொன்னேன். அதையே உங்களிடமும் சொல்கிறேன்.

1973ஆம் ஆண்டில் எனக்கு 16 வயது. தாராவியில் இருந்தோம். தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். நான் சிவாஜி ரசிகன். எங்கள் வரிசையிலேயே குடியிருந்த என் உயிர் நண்பன் எம்.ஜி.ஆர். ரசிகன். இருவர் குடும்பமும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. அவனுடைய தாயார் விடியற்காலையில் இட்லி அவித்துக் கொடுக்க, அவன் அந்த அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து விற்றுவிட்டுப் பள்ளிக்கு வருவான். மைதா மாவில் மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சுவதை நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில்தான் செய்வோம். பசை பொது, சுவரொட்டிதான் வேறு.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் அந்த ஒற்றுமையில் விரிசல் விழுந்தது. 1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. சுவரொட்டிகளுக்கான வரி உயர்ந்ததால் சென்னை நகரில் சுவரொட்டி இல்லாமலே அந்தப் படம் வெளியாகி வெற்றி பெற்றது. அச்செய்தி பம்பாய்க்கு எட்டியதும் என் நண்பனுக்கு ஓர் ஆவேசம் பிறந்தது. சென்னையில் இல்லாத விளம்பரம் தாராவியில் இருக்கும் என்றான். இட்லி விற்றதில் தனக்கென்று கிடைத்த காசைச் சேர்த்து, தமிழ் அறியாத மராத்தி ஓவியர் ஒருவரிடம் தாளில் எழுத்தை எழுதிக் காட்டி, தகரத்தில் ஒரு போர்டு எழுதி வாங்கினான். 90 அடிச் சாலைக்குத் திரும்பும் முனையில் அதை ஒரு மாலை நேரத்தில் கட்டினான்.

அன்று இரவு நான் அதன்மேல் சாணியைக் கரைத்து அடித்தேன். என்னுடன் வேறு யாரும் வரவில்லை. யாரும் தூண்டவும் இல்லை. எங்கள் தலைவருக்கு அப்படி ஒரு போர்டு இல்லையே என்ற பொறாமையைத் தவிர வேறு காரணம் ஏதும் இருந்ததாகவும் நினைவில்லை.

விடிந்ததும் அவன் தண்ணீர் கொண்டு வந்து கழுவினான். மலிவான வண்ணம், சாணியோடு எழுத்தும் கரைந்து வந்துவிட்டது. வெறும் தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வெகு நேரம் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். செய்தவன் யார் என்று அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. அன்று காலை நான் இட்லி வாங்க வரவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டான்.

பிறகு 14 ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஒரே தெருவில், ஒரே குழாயடியில், இருவருக்கும் திருமணம் ஆகிப் பிள்ளைகள் பிறந்த பின்பும் பேசவில்லை. 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வந்தது. அன்று என் கால்கள் என்னைக் கேளாமலே அவன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றன. அவன் நிமிர்ந்து பார்த்தான்; நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2001 ஜூலை 21ஆம் நாள் சிவாஜி மறைந்தபோது, என் வீட்டுக்கு முதலில் வந்தவன் அவன்தான்.

பேரன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "ஆனா தாத்தா, அவங்கதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றான்.

"உன் தலைமுறையின் தொல்லையே அதுதான்" என்றேன். நான் யாரைக் காயப்படுத்தினேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைக் குழாயடியில் பார்த்தேன். பார்த்ததனால்தான் என்றாவது ஒரு நாள் அந்த வாசலுக்குப் போக முடிந்தது. முகம் தெரியாத பிள்ளையின் தாயைப் பழித்தவன் எந்த வாசலில் போய் நிற்பான்? சாணியைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கைப்பேசியில் எழுதியதையோ, நாம் அழித்த பின்பும் யாரோ படம் பிடித்து வைத்திருப்பார்கள். வள்ளுவர் புறங்கூறாமையை 19ஆம் அதிகாரமாகவும் பயனில சொல்லாமையை 20ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். அவர் காலத்திலும் நாவுக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. இன்று அது விரல் நுனிக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

அன்பு மிகுந்து அறிவை மறைக்கும்போது நேர்வது என்ன என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2011ஆம் ஆண்டு நடிகர் அஜித்குமார் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். ஒரு நடிகரே தம்மை விரும்பும் கூட்டத்தைக் கலைப்பது எளிய முடிவன்று. 2023 ஜனவரி 11ஆம் நாள் 'துணிவு', 'வாரிசு' என்னும் இரு படங்களும் ஒன்றாக வெளியாயின. அன்று சென்னையில் 'துணிவு' கொண்டாட்டத்தில் லாரியின் மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர், கீழே குதித்து அடிபட்டு உயிரிழந்தார். அந்தப் படங்கள் இரண்டும் ஓடி முடிந்துவிட்டன. அந்த இளைஞரின் வீட்டில் அந்த நாள் முடிந்திருக்காது.

பேரன் அந்த வாக்கியத்தை அழித்தான். நான் அழிக்கச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்தத் தாத்தா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான். என் நண்பன் ஓய்வுக் காலத்தில் ஊருக்கே திரும்பிவிட்டான். எண்ணைக் கொடுத்தேன், பேரனே அழைத்தான். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கூடத்தை நிறைத்தது. "யாரு, சாணி அடிச்சவன் பேரனா? நல்லாருக்கியாய்யா?" என்றது.

நான் தலை குனிந்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். "உங்க தாத்தாகிட்ட சொல்லு. அந்தப் போர்டுல 'வாலிபன்'னு இருக்க வேண்டிய இடத்துல 'வாளிபன்'னு இருந்துச்சு. தாள்ல தப்பா எழுதிக் குடுத்தது நான்தான். கட்டினப்புறம்தான் பார்த்தேன். காலைல ஊரே சிரிக்கப் போகுதுன்னு ராத்திரி பூரா தூக்கமில்லை. உங்க தாத்தா சாணி அடிச்சு என் மானத்தைக் காப்பாத்திட்டான்." சற்று நிறுத்தினான். "ஆனாலும் வலிச்சுதுய்யா. அவன் அடிச்சானேன்னு வலிச்சுது" என்றான்.

பேரன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் கைப்பேசியை வாங்கி, 1973இல் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை அப்போது சொன்னேன். "விடுலே" என்றான் நண்பன்.

என் பேரன் ரசிகனாகவே இருக்கிறான், இருக்கட்டும். ஆறு மணிப் படையெடுப்புகள் நடக்கின்றன. ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று எழுதினால் அது நீதிக்கதை ஆகிவிடும். ஆயினும் சில நாட்களில், அனுப்புவதற்கு முன் என்னிடம் வந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறான். வாய்விட்டுப் படிக்கும்போது சில வாக்கியங்கள் அவனுக்கே தொண்டையில் நின்றுவிடுகின்றன. அவற்றை அவனே விட்டுவிடுகிறான்.

சங்கத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ் வகுப்புக்கு வராத பிள்ளைகளைத் திரைப்படம் கெடுத்துவிட்டது என்று நொந்துகொள்ள வேண்டாம். அவர்கள் எந்த நடிகருக்காக எழுதுகிறார்களோ, அந்த நடிகரைப் பற்றியே வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். எழுதியதை எதிரணிப் பிள்ளை எதிரில் அமர்ந்திருக்கப் படிக்கச் சொல்வோம். பிழை திருத்துவது நம் வேலை. மற்றதை எதிரில் இருக்கும் முகம் பார்த்துக்கொள்ளும்.