அடுத்த வருஷம் பாத்துக்கலாம்

எனக்குப் பிறந்த ஊர் அலங்காநல்லூர். தை மூன்றாம் நாள் வாடிவாசலில் முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிக்கமாட்டார்கள், கும்பிட்டு அனுப்புவார்கள்.

2014 பொங்கலுக்குப் போயிருந்தேன். மாடியிலிருந்து அப்பா, "தாயி, இந்த மாட்டைப் பாரு!" என்று கூப்பிட்டார். "அடுத்த வருஷம் பாத்துக்கிறேம்ப்பா" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

அந்த மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மூன்று பொங்கல் வாடிவாசல் மூடியே கிடந்தது. 2016 ஆடியில் அப்பாவும் போய்விட்டார். பிள்ளைகள் போராடி, சட்டம் வந்து, 2017 பிப்ரவரி 10-ந் தேதி வாசல் திறந்தது. பார்க்க அவர் இல்லை.

2024-ல் பக்கத்துக் கீழக்கரையில் பெரிய அரங்கம் திறந்தார்கள். பழைய வாசலுக்கு விடை கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நல்லவேளை, பொங்கல் ஜல்லிக்கட்டு பழைய இடத்திலேயே நடக்கிறது.

நீங்கள் போனால் குழந்தையோடு தெருவில் நிற்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு மாடிதான் பத்திரம். நான் இப்போதெல்லாம் விடிவதற்குள் சமையலை முடித்துவிட்டு மாடி ஏறிவிடுகிறேன். கடைசி மாடு போகும்வரை இறங்குவதில்லை.