விழிஞ்ஞத்துத் துறையும் விலைச் சொற்களும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கு நோக்கிப் பேருந்தில் புறப்படுவோர் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சென்றதும், கோவளத்தைக் கடந்து விழிஞ்ஞம் என்னும் துறையை அடைவர். நாகர்கோவிலிலிருந்து வருவோர் பாலராமபுரத்தில் இடப்புறம் திரும்பியும் அங்குச் சேரலாம். கோவளத்தைக் காணச் செல்வோர் பலர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள விழிஞ்ஞத்தைக் காண்போர் சிலரே. பாறைகள் இருபுறமும் அணைத்து நிற்க, மழைக்காலத்திலும் அடங்கியிருக்கும் கடல். கரை நெடுக வள்ளங்கள். ஒருபுறம் மாதா கோயில், மறுபுறம் பள்ளிவாசல். இவற்றிற்கு அப்பால் வானளாவி நிற்கின்றன புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.

ஆய் மன்னர் ஆண்ட துறை இது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இதன் கோட்டையைத் தகர்த்ததைச் செப்பேடுகள் கூறுகின்றன. பிற்காலச் சோழர் இதனை வென்ற செய்தியைக் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. பாறையைக் குடைந்த சிறு கோயிலொன்று இன்றும் உள்ளது. அதன் இருபுறச் சிற்பங்களும் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டன. பழம்பெருமை பேசும் கட்டுரைகள் நம் மன்ற இதழில் முன்னமே பல வந்துள்ளமையால், நான் இத்துறையின் பணப் பேச்சைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் குடியேறி, கடையிலும் வங்கியிலும் அந்நாட்டுச் சொற்களோடு நாள்தோறும் போராடும் நம் இல்லத்தாருக்கு அது பயன்படக்கூடும்.

ஆங்கிலேயர் இக்கரையில் முதன்முதலாகக் கால்கொண்ட இடங்களுள் விழிஞ்ஞமும் ஒன்று. 1644-இல் இங்கே அவர்கள் ஒரு ‘ஃபாக்டரி’ அமைத்தனர். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் புகைபோக்கியும் இயந்திரமும் நம் மனக்கண்முன் தோன்றும். அன்றோ அது வணிக முகவர் தங்கிச் சரக்கைச் சேர்த்து வைக்கும் பண்டகசாலையையே குறித்தது. வந்த ஆங்கிலேயர் தம் சொற்களைத் தந்தது போலவே நம் சொற்களையும் எடுத்துச் சென்றனர்.

திருவிதாங்கூர் நாணய முறையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு 448 காசு! வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, விரலிடுக்கில் நழுவும். ஆகையால் அதனை எண்ணுவதற்கென்றே குழிகள் நிறைந்த பலகையொன்று வைத்திருந்தனர். நாணயங்களைப் பலகைமேல் கொட்டி அசைத்தால் குழிக்கொன்றாக அமரும். மிகுதியைத் தள்ளிவிட்டால் தொகை தானே தெரியும். 1956 நவம்பர் வரை கன்னியாகுமரி மாவட்டம் அந்நாட்டோடு இணைந்திருந்தமையால், நம்மிற் பலருடைய பாட்டிமார் சக்கரக் கணக்கிலேயே உப்பும் மிளகாயும் வாங்கியவர்கள்.

இந்தப் ‘பணம்’ ஆங்கிலேயர் ஏடுகளில் ‘ஃபனம்’ ஆயிற்று. ‘காசு’ போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்று ‘கேஷ்’ ஆயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலேயர் ரொக்கத்தைக் குறிக்க வழங்கும் ‘கேஷ்’ நம் காசிலிருந்து பிறந்ததே என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. ஆயினும் உண்மை வேறு. ரொக்கப் பொருளுடைய சொல், பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியே வந்தது. கீழை நாட்டுச் சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ மட்டுமே நம் காசின் வழிவந்தது. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்தன. தமிழுக்கு உரியது போதும். உரியதல்லாததை அதற்குச் சூட்ட வேண்டுவதில்லை.

இனி மீன் துறைக்கு வருவோம். ஆனி, ஆடித் திங்கள்களில், மற்றக் கடற்கரைகள் கொந்தளித்துக் கிடக்கும்போது, அண்டையூர் வள்ளங்களும் இந்த அடக்கமான துறையை நாடி வருகின்றன. நெத்திலியும் அயிலையும் சூரையும் கணவாயும் கூடை கூடையாக இறங்குகின்றன. இறங்கியவுடன் ஏலம். இந்த ‘ஏலம்’ போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. மலையாளத்தார் அதனையே ‘லேலம்’ என்பர். நாம் ஏலம் ‘கேட்கிறோம்’. அவர்கள் லேலம் ‘விளிக்கிறார்கள்’, அதாவது கூவியழைக்கிறார்கள். ஆங்கிலேயர் ‘பிட்’ செய்கிறார்கள். குவியலைக் கண்ணால் பார்த்தே விலை சொல்லுகின்றனர். பெரும்பாலும் தராசுக்கு வேலையில்லை. ஏலம் கூறுவோர் தொகைகளை ஓர் இசையோடு அடுக்கிச் செல்லும் விரைவில், மொழி தெரிந்தவனே தடுமாறுவான்.

அந்த ஆரவாரத்தின் நடுவே நம் காதுக்குத் தெளிவாகக் கேட்பன ஆங்கிலச் சொற்களே: அட்வான்ஸ், கமிஷன், பாலன்ஸ், ரேட், பார்ட்டி. இவற்றுள் ‘அட்வான்ஸ்’ என்பதே கடற்கரையில் மிகுந்த வலிமை உடையது. வள்ளமும் வலையும் எந்திரமும் வாங்கக் கையிற் பொருளில்லாத மீனவருக்கு இடைத்தரகர் முன்பணம் தருவார். கைம்மாறாக, பிடித்த மீன் முழுவதையும் அவர் மூலமே விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. கடன் தீரும் வரை மீனவருக்குத் தம் மீனுக்கு விலை பேசும் உரிமை இல்லை. இக்கட்டை அவிழ்க்கவே மீனவர் சங்கங்கள் தோன்றின. 1980-இல் திருவனந்தபுரத்தை இடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தது; 1984-இல் அரசின் ஆதரவோடு மத்ஸ்யபெட் தோன்றியது. சங்கமே ஏலம் நடத்தி, விற்பனைத் தொகையிலிருந்து கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உறுப்பினருக்குத் தரும் முறை வந்தது. மீன் ஏலத்தை ஒழுங்குபடுத்தக் கேரளம் 2021-இல் தனிச் சட்டமும் இயற்றிற்று.

அட்வான்ஸ் என்னும் சொல்லைப் பற்றி நம்மவர்க்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தமிழ்நாட்டில் வீடு குடிபோகும்போது கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் தொகையை நாம் அட்வான்ஸ் என்கிறோம். ஆங்கிலேயர் அதனை ‘டெபாசிட்’ என்பர். அவர்கள் பேச்சில் ‘ரெண்ட் இன் அட்வான்ஸ்’ என்றால், வரவிருக்கும் மாதத்துக்கு முன்கூட்டிக் கட்டும் வாடகை. அது திரும்பி வாராது. இங்கிலாந்தில் பொதுவான வாடகை வீட்டுக்கு வாங்கும் டெபாசிட்டை, 2007 முதல், சட்டம் ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் வீட்டுக்காரர் சேர்த்தாக வேண்டும். அட்வான்ஸுக்கு அந்தக் காப்பு இல்லை. பற்றுச்சீட்டில் எச்சொல் எழுதப்பட்டுள்ளது என்று பாராமல் பெருந்தொகை கொடுத்துவிட்டு, பிறகு நமக்கு நாமே ஊர் வழக்கப்படி பொருள் சொல்லிக்கொள்வதால் ஒன்றும் திரும்பி வாராது.

‘பாலன்ஸ்’ அத்துணைக் கேடு செய்வதில்லை, சிரிப்பைத்தான் விளைக்கும். நூறு ரூபாய்த் தாளை நீட்டிப் “பாலன்ஸ் கொடுங்கள்” என்பது நம்மூர் வழக்கு. ஆங்கிலக் கடையில் அது ‘சேஞ்ச்’. பாலன்ஸ் என்பது கணக்கில் இருக்கும் இருப்பு. கடன் அட்டைக் கணக்கிலோ அதே சொல் நாம் செலுத்த வேண்டிய பாக்கியைக் குறிக்கும். இருப்புக்கும் பாக்கிக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியில் கவனமாக இருப்பது நல்லது. ‘ரேட்’ என்பதும் அவ்வாறே. நமக்கு அது விலை. அவர்களுக்கு அது பெரும்பாலும் வீதம், அதிலும் வட்டி வீதம்.

வட்டி என்றவுடன் ‘பிளேடு’ நினைவுக்கு வருகிறது. கேரளத்தில் கடும்வட்டிக்காரர்களுக்குப் ‘பிளேடு’ என்பதே பெயர். தொட்டால் அறுக்கும் என்பது கருத்துப் போலும். 2014-இல் கேரள அரசு ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரால் இவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் நாம் கந்துவட்டி என்கிறோம். அதனைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. லண்டனில் போய்ப் பிளேடு என்றால் சவரக் கத்தியைத்தான் காட்டுவார்கள். அவர்கள் சொல் ‘லோன் ஷார்க்’, கடன் சுறா! சுறாவை வலையில் பிடிக்கும் ஊரார் கத்திக்கு அஞ்சுகிறார்கள். கத்தி செய்யும் ஊரார் சுறாவுக்கு அஞ்சுகிறார்கள்.

தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களுக்கு ஏலத்தில் நிற்கக் காலையிலேயே ரொக்கம் வேண்டும். வங்கி திறக்கும் வரை மீன் காத்திராது. ஆகவே நாட்கடன் அவர்களைத் தேடி வருகிறது. நம்மூர்த் தண்டலை எண்ணிப் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரம் கையில் தந்து, நாளுக்கு நூறாக நூறு நாள் தண்டுவர். ஆயிரந்தானே மிகுதி என்று தோன்றும். ஆனால் முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், கணக்கிட்டால் ஆண்டு வட்டி எண்பது விழுக்காட்டை நெருங்கிவிடும். வெளிநாட்டுக் கடன் பத்திரத்தில் ‘ஏ.பி.ஆர்.’ என்று மூன்றெழுத்துக் காணப்படுமே, அது இந்தக் கணக்கைத்தான் வெளிப்படுத்துகிறது. பளபளப்பான தாளில் அச்சிட்ட எல்லாச் சொற்களையும் விட்டுவிட்டு அந்த ஓர் எண்ணை மட்டும் படித்தாலும் போதும்.

அவ்வாறே ‘மினிமம் பேமெண்ட்’. ஆயிரம் பவுன் பாக்கிக்கு மாதம் இரண்டு விழுக்காடு வட்டி என்று கொள்வோம். குறைந்த தொகையாக இருபத்தைந்து பவுன் கட்டினால், இருபது வட்டிக்குப் போகும். ஐந்துதான் முதலில் கழியும். அட்டை நிறுவனம் மகிழும்.

பெரியவர்களுக்கும் இச்சொற்கள் தொல்லை தராமல் விடவில்லை. விழிஞ்ஞத்துப் புதிய துறைமுகத்தின் வரலாறே அதற்குச் சான்று. கரையருகிலேயே ஆழம் மிகுந்து, பன்னாட்டுக் கப்பல் வழிக்கும் அண்மையிலுள்ள இவ்விடத்தில், 2015-இல் பணி தொடங்கிற்று. கடலரிப்பால் வீடிழந்த மீனவர் 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை வாயிலில் அமர்ந்து போராடினர். வீடிழந்தோர்க்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை உதவி என்று அரசு சொன்னபோது, அதற்கு எங்கே வீடு கிடைக்கும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. 2024 டிசம்பரில் வணிகப் பணி தொடங்கியது. 2025 மே 2-ஆம் நாள் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இதற்கு நடுவே ஒரு சொல்வழக்கு எழுந்தது. ‘வயபிலிட்டி கேப் ஃபண்ட்’ என்னும் பெயரால் மத்திய அரசு வழங்க இசைந்த தொகை 817.80 கோடி ரூபாய். இலாபம் வரும்வரை உள்ள பள்ளத்தை நிரப்பும் பணம் என்று அதற்குப் பொருள். அது மானியம், திருப்பித் தர வேண்டுவதில்லை என்றது கேரளம். துறைமுக வருவாயில் மாநிலத்துக்கு வரும் பங்கிலிருந்து திருப்பித் தருக என்றது தில்லி. ‘கிராண்ட்’ என்பதா, ‘லோன்’ என்பதா? கடிதங்கள் பல சென்றன, வந்தன. இறுதியில் 2025 ஏப்ரலில் தில்லியின் நிபந்தனையை ஏற்றே கேரளம் கையெழுத்திட்டது.