ஒன்றரை மாத்திரை

2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே செஞ்சிக் கோட்டை, அதைப் பார்க்க அக்காவும் வந்திருந்தாள். வயது 53. கொஞ்ச நாளில் ஏழெட்டு கிலோ இளைத்து, பார்க்கிறவர்களெல்லாம் ரகசியம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராஜகிரியில் நூறு படிகூட ஏறவில்லை. "டேய், நெஞ்சு படபடங்குதுடா" என்று உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக இறக்கி, காரில் ஏற்றி, ஊருக்குள் ஒரு டாக்டரிடம் ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார். மாரடைப்பு இல்லை. ஆனால், படுத்திருக்கும்போதே நாடி 110. நீட்டிய விரல்கள் நடுங்கின.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"தைராய்டுக்கு நூறு மைக்ரோகிராம்..." கொஞ்சம் தயங்கி, "ஒண்ணரையா போட்டுக்கறேன். ஒண்ணு போட்டப்ப லேசா இளைச்சுது. அதான்..."

டாக்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர் 1891-ல் ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார். இன்றைய மாத்திரையில் இருப்பது நம் உடம்பே சுரக்கிற அதே தைராக்ஸின்தான். அதனால் அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு தராது. கூடினால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. நாள்பட்டால் எலும்பு தேயும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும். உடம்பு இளைக்க இதைச் சாப்பிடாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்.

வீடு திரும்பியதும் அக்கா, "இனி அந்தச் சனியனே வேண்டாம்" என்று அட்டையோடு குப்பையில் போடப் போனாள். அது அடுத்த தப்பு. நாமாக நிறுத்தினால் பழைய அசதியும் வீக்கமும் திரும்ப வரும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறைத்தார். "உடனே சரியாகாது. உள்ளே போன மருந்து பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். எட்டு வாரம் கழிச்சு டி.எஸ்.ஹெச். பாருங்க" என்றார். வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணிக்குப் பிறகே காபி, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி என்று நினைவூட்டியும் அனுப்பினார்.

இப்போது படபடப்பு இல்லை. நன்றாகத் தூங்குகிறாள். மூன்று கிலோ திரும்ப ஏறிவிட்டது. கேலி செய்தேன்.

"அவ்ளோ பெரிய கோட்டையைத் தாங்கற மலை, என் மூணு கிலோவைத் தாங்காதா? அடுத்த மாசம் போலாம்டா" என்கிறாள்.