காற்புள்ளியைத் தின்ற நிரல்

பாமினி எழுத்துருவை இலங்கைப் பத்திரிகையாளருக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஏனைய நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாமினியில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். தமிழ் வடிவம் அதன் மேல் போர்த்திய போர்வை. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே தெரியும். உலகெங்கும் உள்ளோர் படிக்க வேண்டுமாயின் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

மறைந்த பத்திரிகை நண்பர் ஒருவரின் பத்திகள் இவ்வாறு பாமினியில் இருந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவருடைய பத்திரிகை நறுக்குகள் அனைத்தும் போய்விட்டன. பிற்காலத்தில் தட்டி வைத்த கோப்புகளே எஞ்சின. ஆண்டுத் திவசத்துக்குள் அவை இணையத்தில் ஏறவேண்டும் என்பது அவருடைய துணைவியாரின் விருப்பம். உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் வேர்ட்பிரஸில் தளம் அமைத்து, கட்டுரையைச் சேமித்தவுடன் யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றையும் எழுதிச் சேர்த்தார்.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் திரை உறைந்து நின்று, பின்னர் பாரதூரமான பிழை என அறிவிக்கும். ஆனால் தளத்தைத் திறந்தால் கட்டுரை தமிழில் இருக்கும். "பிழை காட்டினாலும் கட்டுரை ஏறுதுதானே ஐயா" என்றார் இளைஞர். பிழை அறிவிப்பைப் பொருட்படுத்தாமை கணினித் துறையினரின் தொழில்நோய் போலும். இப்படியே 38 கட்டுரைகள் ஏறின.

குறையைக் கண்டவர் துணைவியார். "தம்பி, இவர் கமா போட்ட இடமெல்லாம் 'இ' எண்டு கிடக்குது. வாசிக்கேலாமல் இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னார். உண்மைதான். 'யாழ்ப்பாணம்இ கொழும்புஇ மட்டக்களப்பு' என்றிருந்தது. பத்தாயிரம் '10இ000' ஆகியிருந்தது. நீண்ட வாக்கியங்களைக் காற்புள்ளிகளாலேயே கட்டி நிறுத்துபவர் என் நண்பர். அவருடைய நடையே குலைந்து கிடந்தது.

இளைஞரும் நானும் வழங்கியின் பிழைப் பதிவேட்டைத் திறந்தோம். அனுமதிக்கப்பட்ட 134217728 பைட் நினைவகமும் தீர்ந்துவிட்டது என்றிருந்தது. அது 128 மெகாபைட். ஒரு பத்தியை மாற்றுவதற்கு இவ்வளவு எதற்கு?

வேர்ட்பிரஸில் கட்டுரை சேமிக்கப்பட்டதும் 'சேவ் போஸ்ட்' என்னும் கொக்கி அசையும். அதில் மாட்டிய செயற்கூறு இயங்கும். இளைஞரின் செயற்கூறு எழுத்தை மாற்றி, கட்டுரையை மீண்டும் சேமித்தது. சேமித்ததனால் கொக்கி மறுபடி அசைந்து அதே செயற்கூறினை அழைத்தது. அது மறுபடி சேமித்தது. நினைவகம் தீரும்வரை இதுவே நடந்தது. வேர்ட்பிரஸின் கையேடே இந்த முடிவில்லாச் சுழற்சியைக் குறித்து எச்சரிக்கின்றது.

காற்புள்ளிக்கு நேர்ந்தது இதன் விளைவு. பாமினியில் காற்புள்ளிச் சாவியைத் தட்டினால் 'இ' வரும். காற்புள்ளி வேண்டுமாயின், கணிதத்தில் 'பெரிது' என்று காட்டும் கோணக்குறியைத் தட்டவேண்டும். முதற் சுற்றில் கோணக்குறி முறையாகக் காற்புள்ளியாயிற்று. இரண்டாம் சுற்றில் அக்காற்புள்ளி 'இ' ஆயிற்று. மூன்றாம் சுற்றுக்குக் காற்புள்ளியே மிஞ்சவில்லை.

சேமிக்குமுன் செயற்கூறினைக் கொக்கியிலிருந்து கழற்றி, சேமித்தபின் திரும்ப மாட்டுக என்கிறது கையேடு. சுழற்சி நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. நாளை யாராவது ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தால் மாற்றம் மீண்டும் நிகழ்ந்து காற்புள்ளிகள் மறுபடி போய்விடுமே! ஆகவே இளைஞர் இரண்டு காரியங்கள் செய்தார். தரவுத்தளத்துக்குள் போகுமுன்பே எழுத்தை மாற்றும் வடிகட்டிக்குச் செயற்கூறினை நகர்த்தினார். இரண்டாவது சேமிப்புக்கே இடமில்லை. ஒப்புநோக்குநர் அச்சேறுமுன் திருத்துவதைப் போன்றது இது. அத்துடன், யூனிகோடுத் தமிழ் எழுத்து ஒன்றேனும் இருந்தால் கட்டுரையைத் தொடாதே என்ற நிபந்தனையையும் சேர்த்தார்.

ஏறிய கட்டுரைகளுள் 27ஐ மூலக் கோப்புகளிலிருந்து மீண்டும் ஏற்றினோம். மற்ற 11 ஒரு பழைய நெகிழ்வட்டிலிருந்து நேரே எடுத்து ஒட்டியவை. அவ்வட்டு பின்னர் திறக்க மறுத்துவிட்டது. எல்லா 'இ'யையும் காற்புள்ளியாக்கினால் இலங்கையே 'லங்கை' ஆகிவிடும். இங்கே கைகொடுத்தது இலக்கணம். உயிரெழுத்து தன் வடிவில் சொல்லின் முதலிலேயே வரும். ஆகவே வேறோர் எழுத்தையோ எண்ணையோ ஒட்டி நிற்கும் 'இ' காற்புள்ளியாகத்தான் இருக்கவேண்டும். இளைஞர் அவ்விதியை ஒரே வரியில் எழுதிவிட்டார்.

விதிவிலக்கு அளபெடை. குறள் பற்றிய பத்தி ஒன்றில் 'தழீஇ' என்ற சொல் 'தழீ,' என்று மாறி நின்றது. அதனைக் கையால் திருத்தினேன். வேறெங்கும் அப்படி உண்டா என்று 11 கட்டுரைகளையும் வரிவரியாகப் பார்த்தேன், இல்லை.

"இப்ப இவர் எழுதின மாதிரியே கிடக்குது" என்றார் துணைவியார். மிகுதிக் கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. திவசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.